பின்பக்கம் ஜெராக்ஸ் எடுக்கவில்லை

1

இந்தக் கதை என் கஞ்சத்தனத்தில் பிறந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் மழுப்பத் தோன்றும்.

முதல் வரிக்கு இரண்டு முயற்சிகள்:

‘பதினைந்து வயது, லாண்டரியில் வேலை, அவளுக்கு...’ (அடித்துவிட்டேன். வயதைச் சொன்னதும் நீங்கள் உச்சுக்கொட்டத் தயாராகிவிடுவீர்கள்.)

‘அந்த மீசைக்கார கிளார்க்...’ (பொய். கிளார்க் நான்தான். எனக்கு ஏது மீசை?)

2

பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் வேலைக்குப் போக அனுமதி கொடுக்கும் கவுண்டரில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஃபாரம் ஒரே தாள்தான். முன்பக்கம் வயது, பள்ளி முத்திரை, என்ன வேலை, பெற்றவர் கையெழுத்து. பின்பக்கம், பதினாறு வயது ஆகாதவர்கள் தொடக்கூடாத மிஷின்களின் பட்டியல். நான்காவது வரி: ஸ்டீம் பிரஸ், நீராவிச் சூட்டில் துணி தேய்க்கும் மிஷின்.

ஜெராக்ஸில் டோனர் தீர்ந்துகொண்டிருந்தது. பின்பக்கத்தை எவன் படிக்கிறான் என்று முன்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். மூன்று மாதம். ஒருத்தரும் கேட்கவில்லை. (எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.)

3

லாண்டரிக்காரர் ‘துணி மடிக்கும் வேலை’ என்று எழுதினார். முத்திரை குத்தினேன். எட்டாம் நாள் பிரஸ் போடும் ஆள் வராததால் அந்தப் பெண்ணை ஸ்டீம் பிரஸ்ஸில் நிறுத்தினார். வலது கை

[இங்கே ஒரு பத்தி இருந்தது. என்னால் மறுபடி படிக்க முடியவில்லை. நான்கு விரல்கள் இனி மடங்காதாம். அது தெரிந்தால் போதும்.]

லாண்டரிக்காரரை வில்லனாக்கப் பார்த்தேன். அந்த மனுஷன் ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "தொடக்கூடாதுன்னு ஒரு வரி போட்டிருந்தா நிறுத்தியிருப்பேனா?" வில்லன் வேலை இன்னும் காலிதான். அதற்குத் தகுதியானவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

4

நேற்று அந்தப் பெண்ணின் அம்மா கவுண்டருக்கு வந்தாள்.

"மேடம், நான் கையெழுத்து போட்ட தாளைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"எதுக்கும்மா?"

"பின்னாடி எல்லாம் எழுதியிருக்கும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அவசரத்துல நான் திருப்பிக்கூடப் பாக்கல. பாத்திருந்தா அனுப்பியிருப்பேனா? பெத்த பொண்ணு கையை நானே பாழாக்கிட்டேன். வீட்டுக்காரர் என் முகத்துல முழிக்கறதே இல்ல."

முடிவு ஒன்று: "உங்க தப்பு இல்லம்மா, என் தப்பு" என்கிறேன். வேலை போகிறது. அவள் என்னை அறைகிறாள், அல்லது (இந்த ‘அல்லது’வுக்கு மேல் எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: "ஃபைலை வெளியாளுக்குக் காட்டக்கூடாதும்மா" என்கிறேன். அவள் ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்கொள்கிறாள். என் பென்ஷன் பத்திரமாக இருக்கிறது.

நேற்று நான் செய்தது இரண்டாவது. வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

5

கதையிலாவது தாளை அவள் கையில் கொடுக்கிறேன். வாங்குகிறாள். தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். திருப்புகிறாள்.

"என்ன மேடம், ஒண்ணுமே இல்லையே?"

ஏன் இல்லை என்று தெரிந்தவர்கள் இப்போது நீங்களும் நானும்தான். அவள் கவுண்டரிலேயே நிற்கிறாள். அவளிடம் நீங்கள் சொல்லுங்கள்.