இடது தொடைக்கு ஒன்றுமில்லை

ஒரு குறையும் இல்லாத தொடைக்குக் காலை ஒன்பது மணிக்குக் கட்டுப் போடுவது அந்தச் சிகிச்சை அறையில் மூன்று வாரமாக நடந்துவரும் வேலை. தொடைக்குச் சொந்தக்காரி பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அணியில் அவளைப் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நின்றால் கோலுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி என்று ஒரு ரசிகர் அட்டையில் எழுதிப் பிடிக்க, அதுவே ஒட்டிக்கொண்டது. கட்டுப் போடுகிறவள் அணியின் மசாஜ் அக்கா. பதினோரு வருஷத்தில் எத்தனையோ கால்களைக் கட்டியவள். நல்ல காலைக் கட்டுவது இதுதான் முதல் தடவை.

"நல்லா இறுக்கவா, லேசாவா?"

"உள்ள ஒண்ணும் இல்லாததுக்கு எவ்வளவு இறுக்கணுமோ அவ்வளவு."

"உனக்கு வாயில கட்டு போட்டா தேவல."

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு ஆட்டத்தின் எழுபதாவது நிமிடம். பந்து வந்தது. வேகமாகக்கூட இல்லை, கடைக்குப் போகிற பிள்ளை மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டே உருண்டு வந்தது. குனிய வேண்டும் என்று பூட்டுக்குத் தெரிந்தது. கை வரவில்லை. மூச்சு பாதியில் நின்றது. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. செத்துப்போகப் போகிறோம் என்று சந்தேகமில்லாமல் தோன்றியது. பந்து அவளைத் தாண்டிப் போய் வலையில் உட்கார்ந்தது. ஆட்டம் முடிந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஷவருக்கு அடியில் அரைமணி நேரம் நின்றாள். அதற்கு முன்பே பல வாரமாகத் தூக்கம் இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

மனநல டாக்டர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். இது பதற்ற நோய், மருந்து உண்டு, ஆறு வாரம் ஆட வேண்டாம் என்றார். தன்னைப் பிடித்து ஆட்டியதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவளுக்குப் பாதி நிம்மதி. ஆனால் அந்தப் பெயர் கிளப்பின் வாசலைத் தாண்டக்கூடாது என்றார் பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதித் தரும் அதிகாரி. அணியில் அவருக்கு வைத்த பெயர் அறிக்கை.

"தொடைன்னு போட்டுடலாம்மா. இடது தொடையில தசைப்பிடிப்பு. தொடைன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. மனசுன்னு போட்டா, அடுத்த சீசன் எவன் உன்னைக் கோல்ல நிறுத்துவான்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவள் வாயை அடைத்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிற்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. வேறு எதுவும் வேண்டியதும் இல்லை. சரி என்றாள்.

தொடை அமோகமாக வாழ்ந்தது. ரசிகர்கள் அதற்கு வாழ்த்து அட்டை அனுப்பினார்கள். அம்மா தினமும் போன் செய்தாள். "ஒத்தடம் குடுத்தியாடி? மாடிப்படி ஏறாதே." "ஏறலம்மா" என்று மூன்றாவது மாடி ஜன்னலில் நின்றுகொண்டே சொல்வாள். எல்லோரும் தொடையை விசாரித்தார்கள். தொடைக்கு மேலே இருந்தவளை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஒளித்துவைத்தது அவள்தானே.

புதன்கிழமை சிகிச்சை அறைக்கு வெள்ளை அடித்தார்கள். வியாழக்கிழமை காலையில் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. வெளியே எடுத்துவைத்த மசாஜ் மேஜையைப் பெயின்டர்கள் திரும்பப் போடும்போது திருப்பிப் போட்டுவிட்டார்கள். தலை வைக்கும் பக்கம் ஜன்னலிலிருந்து கதவுக்கு வந்துவிட்டது. அக்கா நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை. அலமாரிக்கும் மேஜைக்கும் நடுவில் இரண்டடி இடம். பதினோரு வருஷமாக அதுதான். தன் கொழுந்தன் வாங்கிப்போட்ட ட்ரெட்மில்லில் இப்போது வீட்டில் துணி காயப்போடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே, வழக்கம்போலத் தன் பக்கம் இருந்த தொடையை எடுத்து அழகாகக் கட்டி முடித்தாள்.

வலிக்கிற காலாக இருந்தால் அதுவே கத்திக் காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டு காலும் வாயைத் திறக்கவில்லை.

வலது தொடையில் கட்டோடு, இடது காலை நொண்டிக்கொண்டு, பூட்டு வாசலில் நின்ற புகைப்படக்காரர்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனாள்.

பத்து மணிக்குப் படம் ஊரெல்லாம் சுற்றியது. பக்கத்தில் போன வாரத்துப் படம். பதினோரு மணிக்கு, அவள் வேறு கிளப்புக்குத் தாவ நாடகம் ஆடுகிறாள் என்றார்கள். பன்னிரண்டுக்குள் அவளைச் சிகிச்சை அறைக்கு வரச்சொல்லி, அறிக்கை கையில் தாளோடு ஓடி வந்துவிட்டார்.

"கவலைப்படாதே. இடது குணமாயிடுச்சு, வலதுல புதுசா பிடிப்பு."

"சார், அப்போ நான் ஏன் இடது காலை நொண்டறேன்?"

அறிக்கை தாளைப் பார்த்தார். கிழித்தார். "சரி, அப்போ மசாஜ் அம்மா கால் மாத்திக் கட்டிட்டாங்க. அவங்க தப்பு. நாலு மணிக்கு நிருபர்கள் வராங்க, சொல்லிடலாம்."

வலது இடது தெரியாத மசாஜ்காரிக்கு எந்த அணியிலும் வேலை இல்லை. அது மூன்று பேருக்கும் தெரியும். அக்கா மிச்சமிருந்த ஒரு பேண்டேஜைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி முடித்த பிறகும் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"போட்டுக்கோங்க" என்றாள் கடைசியில். "நான்தானே கட்டினேன்."

பூட்டு தன் வலது தொடையைப் பார்த்தபடியே இருந்தாள்.

நாலு மணிக்கு நிருபர்கள் முன்னால் நேராக நடந்து வந்தாள். இடமும் நொண்டவில்லை, வலமும் நொண்டவில்லை. நாற்காலி மேல் வலது காலைத் தூக்கிவைத்துக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். அக்கா எதிலும் கஞ்சத்தனம் பார்க்காதவள். அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை. அந்த மௌனம் அவளுக்குப் பழக்கமானதுதான். பெனால்டி அடிக்கிறவள் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடப்பாளே, அப்போது மைதானம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த மௌனத்தில்தான் அவள் சம்பாதித்த பெயர் எல்லாம்.

"இந்தத் தொடைக்கு ஒண்ணும் இல்ல. அந்தத் தொடைக்கும் ஒண்ணும் இல்ல. அக்கா மேலயும் தப்பு இல்ல. நல்ல காலைக் கட்டச் சொன்னா, எந்தக் காலைக் கட்டினா என்ன?"

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அவள் தொடர்ந்து சொன்னாள். உருண்டு வந்த பந்து, வராத கை, ஷவர், டாக்டர், மாத்திரை, எல்லாம். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒளித்துவைக்க மட்டும் அத்தனை நாள் ஆகியிருந்தது.

முன்வரிசை நிருபர் கேட்டார். "அப்போ நீங்க நொண்டினது நடிப்பா?"

"நடிப்புதான். அதுவும் சரியா வரல, பாத்தீங்களே."

"மறுபடி எப்ப ஆடுவீங்க?"

"தெரியாது." இந்தத் தடவை மௌனம் பழக்கமானதாக இல்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொல்லித்தந்தபடி மெதுவாக மூச்சை விட்டாள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. "ஆடணும். அது தெரியும்."

வெளியே வந்ததும் போன் அடித்தது. டிவியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட அம்மா.

"பொய்யாடி சொன்னே? மூணு வாரமா இடது காலுக்கு வேண்டிக்கிட்டேனே, அதெல்லாம் வீணா?"

"வேண்டினதைக் கால்லேர்ந்து மேல மனசுக்கு மாத்தி விடச் சாமிகிட்ட சொல்லும்மா."

அம்மா சிரிக்கவில்லை. "தூங்கறியா?" என்று கேட்டாள். மூன்று வாரத்தில் தொடையை விட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி.

"கொஞ்சம் கொஞ்சம் வருதும்மா."

தாழ்வாரத்தின் கோடியில் கோச் விசிலைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"டாக்டர் ஆறு வாரம்னாரில்ல? மூணு போச்சு. மிச்சத்தையும் முடிச்சிட்டு வா."

"அடுத்த சீசன், கோச்?"

"பந்தைப் பிடிச்சா நிப்ப. பிடிக்கலேன்னா நிக்க மாட்ட. போன சீசனும் அப்படித்தானே?"

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பந்தைப் பிடிப்பது அவள் பாடு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சிகிச்சை அறைக்குப் போனாள். அக்கா மேஜையைப் பழையபடி திருப்பிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வந்தே? கட்ட ஒண்ணும் இல்லையே."

"கால் தானா வந்துடுச்சு, அக்கா."

"எந்தக் கால்?"

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது முன்கள ஆட்டக்காரி ரயில் உள்ளே வந்தாள். ஓட ஆரம்பித்தால் நிற்க மாட்டாள், அதனால் அந்தப் பெயர். அன்று நின்றாள். அறைக் கதவைச் சாத்திவிட்டு மேஜை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் ஒரு மாசம் எனக்கு முழங்கால் வலின்னு போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றாள் பூட்டு. "எந்த முழங்கால்?"

ரயில் குனிந்து தன் இரண்டு முழங்கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா அலமாரியைச் சாத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதுதாண்டி எனக்கும் ஞாபகம் இல்ல" என்றாள் ரயில்.