கலையாத கூட்டம்

ரூபஸ் டாக்கெட் கிழவர் மூன்று வாரமாகக் கூட்டத்தில் இருந்தார். படுக்கையை விட்டு இறங்க முடியாத மனிதர் எந்தக் கூட்டத்துக்குப் போவது? எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வாசல்ல காவல் யாருப்பா?" என்று கேட்பார். பதில் வராது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் கேட்பார். மகள் வில்லடீன் அந்த அறையில் நாற்காலியில் உட்காரவே பயந்தாள், யார் மடியிலாவது உட்கார்ந்துவிடுவோமோ என்று.

எந்தக் கூட்டம் என்று அவளுக்குத் தெரியும். பெல்லமி ஊரில் யாருக்குத்தான் தெரியாது? பேர்தான் ரகசியச் சங்கம். வெள்ளைக்காரன் மட்டுமே மனிதன் என்று சத்தியம் செய்துகொண்டு, இரும்புக்கடை மாடியில் கூடுவார்கள். வெள்ளை அங்கி, முகத்தை மறைக்கும் கூம்புத் தொப்பி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. முகத்தை மூடிய மகராசர்களுக்குக் காலை மூடத் தோன்றவில்லை. பூட்ஸைப் பார்த்தே இது பாதிரியார், இது முடிவெட்டுகிறவர், இது போலீஸ்காரர் என்று பிள்ளைகள் சொல்லிவிடும். ஜார்ஜியாவின் அந்த மூலையில் அவர்களைக் கேட்காமல் ஒரு துரும்பு அசையாது.

பிறகு காலம் மாறிவிட்டது. கோர்ட்டு, ஓட்டு, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. பாதிரியாருக்குத் திடீரென்று வேலை அதிகமாகிவிட்டது, முடிவெட்டுகிறவருக்கு மூட்டுவலி வந்துவிட்டது, மற்றவர்கள் 'எனக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்' என்று நழுவிவிட்டார்கள். கடைசிக் கூட்டத்துக்கு வந்தது கிழவரோடு சேர்த்து நாலே பேர். அதிலும் தலைவர் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜைமேலேயே சாய்ந்து செத்துப்போனார். கூட்டத்தைத் தலைவர்தான் முடித்துவைக்க வேண்டும் என்பது விதி. முடித்துவைக்க ஆளில்லை. அந்த மாடியில் இப்போது டிவி பழுதுபார்க்கிறார்கள்.

அன்று மத்தியானம் ஒசெல்லா வந்தாள். கறுப்பர் தெருக்காரி, ஐம்பதை நெருங்குகிறவள். முன்வாசல் திறந்தே கிடந்தும், பழக்கம் விடாமல் பின்வாசலில் வந்து நின்றாள்.

"வில்லடீனம்மா, எங்க அம்மா இந்த வாரம் தாங்க மாட்டாங்க. கேலப் அண்ணன் பக்கத்துல தன்னைப் பொதைக்கணும்னு சொல்றாங்க. அவன் எங்க கெடக்கான்னு மட்டும் ஒங்க அப்பாவைச் சொல்லச் சொல்லுங்க. கோர்ட்டு கேஸுன்னு எதுக்கும் நாங்க போகலை."

கேலப் நடைபாதையில் ஒரு வெள்ளைக்காரிக்கு வழிவிட்டு இறங்காதவன். நாற்பது வருஷத்துக்கு முன்னால், சின்னப் பிள்ளையாக இருந்த ஒசெல்லாவின் கண்ணெதிரே, அங்கிக்காரர்கள் அவனை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

"நானும் கேட்டுப் பாத்துட்டேன் ஒசெல்லா. வாயைத் திறக்கலை. வெளியாளுகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியமாம்."

"பெத்த மக வெளியாளா?"

"பொம்பளைதானே நான்."

ஒசெல்லா கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிற்பு வில்லடீனுக்குத் தாங்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

"சமையக்கட்டுல வந்து உக்காரு. அப்பா அறைக் கதவைத் திறந்து வெக்கிறேன், ஒன் காதாலயே கேட்டுக்க. நடுவுல மட்டும் எழுந்து வந்துடாத."

அப்பாவின் பெட்டியிலிருந்து அங்கியை எடுத்து மாட்டினாள். தொப்பியைக் கவிழ்த்ததும் பாச்சை உருண்டை நாற்றமும் தன் மூச்சுச் சூடும் முகத்தில் அடைந்துகொண்டன. அறைக்குள் போய்க் கட்டில் எதிரே நின்றாள். கிழவர் தலையணையில் கையூன்றி நிமிர்ந்தார். கை நெற்றிக்குப் போனது.

"தலைவரே."

குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு கேட்டாள். "கேலப் விஷயம் என்னாச்சு? சபைக்குச் சொல்லு."

"முடிச்சாச்சு தலைவரே. செங்கல் சூளை வரிசையில கடைசிச் சூளை. அவனை உள்ள தள்ளிச் சூளை வாயை அடைச்சுட்டோம். நாந்தான் கல்லு வெச்சேன். ரொம்ப நேரம் உள்ளேருந்து தட்டிக்கிட்டே இருந்தான்."

 சொல்லித்தான் ஆக வேண்டும், அந்த நொடியில்கூட அப்பாவின் பணிவு வில்லடீனுக்குப் பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து அவர் அவளுக்காக நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. சீ என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"கூட்டத்தை முடிச்சிடலாமா தலைவரே? காலு வலிக்குது."

"முடிஞ்சது. வீட்டுக்குப் போ."

கிழவர் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார். உடனே தூங்கிப்போனார், பால் குடித்த பிள்ளை மாதிரி. படுபாவிக்கு அந்த நிம்மதியையும் தன் கையாலேயே கொடுத்துவிட்டோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் ஒசெல்லாவின் நினைப்பு வந்தது. தட்டிக்கொண்டே இருந்தான் என்பதை அவளும் கேட்டிருப்பாளே. தனியாக உட்கார்ந்து கேட்டிருப்பாளே. அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று வில்லடீன் சமையலறைக்கு ஓடினாள். ஓடிய வேகத்தில் தலையில் இருந்ததை மறந்துபோனாள்.

நாற்காலி சாய்ந்து கிடந்தது. ஒசெல்லா மேஜைக்கு அடியில் இருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒன்பது வயசுப் பிள்ளையின் குரலில், "அண்ணன் வீட்ல இல்லைங்க ஐயா" என்றாள்.

வில்லடீன் தொப்பியைப் பிடுங்கி எறிந்தாள். மண்டியிட்டு, "நாந்தான் ஒசெல்லா, வில்லடீன், என் மொகத்தைப் பாரு" என்றாள்.

ஒசெல்லா அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"அண்ணன் வீட்ல இல்லைங்க ஐயா" என்றாள்.