பந்தியின் கடைசி வரிசை

"மச்சான், அங்க மழை பிடிச்சிருச்சாமே. எல்லாத்தையும் நீங்களே வழிச்சுக்காதீங்க" என்றார் என் கணவர், போனில்.

"உங்களவிட நாங்க கடலுக்குப் பக்கம், மாப்ள. பந்தில முதல் வரிசை" என்றார் அண்ணன். "கெழக்குக் காத்து பரிமாறிக்கிட்டே மேக்க வருது. உங்ககிட்ட வர்றப்போ வாளில என்ன மிஞ்சும்?"

"கரண்டிச் சத்தம் மிஞ்சும்."

வரதட்சிணை கேட்காத மாப்பிள்ளை, பிறந்த ஊரான பூர்ணியாவிலிருந்து அத்தனை தூரம் தள்ளி, அலிகர் பக்கத்தில்தான் எனக்குக் கிடைத்தார். பிறந்த வீட்டில் பெய்யும் மழையில் பாதிகூட இங்கே கிடையாது. அண்ணன் முதல் மழையன்று கூப்பிடுவார். அதிலிருந்து பன்னிரண்டு நாள் எண்ணி என் கணவர் கம்பு விதைக்க நிலத்தை உழுது வைப்பார். சில வருடம் தப்பும். அப்போதும் திட்டு அண்ணனுக்குத்தான்.

போனை நான் வாங்கினேன். மழைச் சத்தம் லேசாகத்தான் வந்தது.

"சரியா கேக்கல. வெளிய போய் நீட்டுண்ணா."

நீட்டினார். சோவென்று கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

அன்று இருட்டும் முன்பே செய்தி வந்துவிட்டது. வயலில் இடி விழுந்து அண்ணன் போய்விட்டார்.

பிறந்த ஊருக்கு இறங்கும் கதிஹார் வரை ரயிலில் ஒரே நினைப்பு. நான்தான் அவரை வெளியே அனுப்பினேன். ஊர் போய்ச் சேர்ந்தும் அதைக் கேட்க வாய் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் சடங்கு முடிந்து, பாத்திரம் கழுவும்போதுதான் அண்ணியிடம் கேட்டேன்.

"அண்ணி, அவரு போனோடவா வயலுக்குப் போனாரு?"

அண்ணி கையை நிறுத்தவில்லை.

"இத்தன நாளு இதத்தான் முழுங்கிக்கிட்டுத் திரிஞ்சியா? வாசல்ல நின்னு நீட்டுனாரு. போன் நனைஞ்சு போச்சு. அரிசிப் பானைல பொதைச்சு வச்சாரு. ரெண்டு தட்டு சோறு தின்னாரு, மாப்ளய நெனச்சு நெனச்சுச் சிரிச்சாரு, படுத்துத் தூங்குனாரு. நாலு மணிக்கு மேல எருமைய அவுக்கப் போனாரு." பாத்திரத்தைக் கவிழ்த்தாள். "எருமைக்கு ஒண்ணும் ஆகல. பாவி, இப்பவும் பால் குடுக்குது."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் சாப்பிட்டிருக்கிறார். தூங்கியிருக்கிறார். நான் நீட்டச் சொன்னதுக்கும் அந்த இடிக்கும் நடுவில் ஒரு தூக்கம் இருந்திருக்கிறது. அன்றுதான் நானும் பசித்துச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் மேற்கே திரும்பினேன். கதிஹாரில் தண்டவாளத்தின் இரு பக்கமும் நீர். நாற்று நடுபவர்களின் குனிந்த முதுகுகள் மட்டும் தெரிந்தன. கங்கையைத் தாண்டியதும் வெறும் சேறு. கான்பூர் தாண்டியபோது நிலம் ஈரம் பட்டுக் காய்ந்த துணிபோலத் திட்டுத்திட்டாக இருந்தது. மழை எங்கெல்லாம் நின்று போனது என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தேன். யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை.

அலிகரில் இறங்கினேன். என் கணவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். நடைமேடையில் புழுதி பறந்தது. காற்று கிழக்கிலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது.