மாப்பிள்ளையின் நாடித்துடிப்பு

மேட்டின் மேல் அண்ணியின் சிவப்புத் தொப்பி தெரிந்ததும் இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு குதிரைகளை நிறுத்தும் கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது, அதனால் இந்த வருஷம் தண்ணீர் தூக்கும் வேலை என் தலையில் விழுந்தது. குதிரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். இதயம் எங்கே இருந்தாலும் இதயம்தானே என்ற தைரியத்தில் கிளம்பி வந்துவிட்டேன்.

மொத்தம் நூறு கிலோமீட்டர் குதிரைப் பந்தயம். எழுபதாவது கிலோமீட்டரில் குதிரையை நிறுத்தி, இருபது நிமிடத்துக்குள் அதன் நாடித்துடிப்பு அறுபத்து நான்குக்கு இறங்கிவிட்டதைக் கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும். இறங்கவில்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அண்ணி இதே இடத்தில்தான் மூட்டையைக் கட்டினாள். தையல் கடையைத் திறக்கும் முன்பு தினமும் இரண்டு மணி நேரம் சவாரி பழகுகிறவள். இந்தத் தடவையும் போய்விட்டால் குதிரையை விற்றுவிடுவேன் என்று காலையில் சொன்னாள். வெறும் பேச்சுக்குச் சொல்கிற ஆளில்லை அவள்.

குதிரைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அண்ணன். பக்கத்தில் நின்று நாலு தரம் கெஞ்சினால்தான் தீனியில் வாய் வைக்கும். அண்ணி குதித்து இறங்கினாள், சேணத்தை உருவினோம். நான் கழுத்தில் தண்ணீரை ஊற்றி வழித்து, மறுபடி ஊற்றி, முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். எண்பது. அண்ணி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அதன் முகத்தோடு முகம் வைத்து நின்றாள். ஒன்பதாவது நிமிடத்தில் அறுபத்தெட்டுக்கு வந்திருந்தது.

"எவ்வளவு?" என்றாள் அண்ணி.

சொல்ல வாயைத் திறந்தேன், காதிலிருந்து குழாயை இன்னும் எடுக்கவில்லை. உள்ளே துடிப்பு தடதடவென்று ஏறியது. எழுபத்தாறு. மறுபடியும் தண்ணீர் ஊற்றினேன், மெல்ல இறங்கியது. அண்ணி மறுபடியும் எவ்வளவு என்று கேட்டாள். மறுபடியும் ஏறியது. பன்னிரண்டு நிமிடம் போய்விட்டது.

எங்கள் வார்டில் இதைத் தினமும் பார்க்கிறேன். கட்டிலைச் சுற்றி நின்று எவ்வளவு, எவ்வளவு என்று கேட்பவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுத்தான் ரத்த அழுத்தம் பார்ப்போம். எல்லாம் பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தையும் நோயாளிதான் சுமக்க வேண்டியிருக்கிறது. அண்ணியின் கையைப் பார்த்தேன். கடிவாளத்தின் வாரை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தது. இரண்டு வருஷமும் இந்தக் கைதான் பிடித்திருந்தது.

"அண்ணி, நீங்க போய் வண்டியில உக்காருங்க."

"என் குதிரைடி இது."

"உங்க குதிரைதான். அதான் நீங்க பதறினா அதுவும் பதறுது. கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

பதினாலு வருஷமாக நாத்தனார் என்ற பட்டத்துக்கு உரிய எந்த வேலையையும் நான் செய்ததில்லை. எல்லாவற்றையும் சேர்த்து அன்றைக்கு ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டேன். அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் வலித்தது, ஏனென்றால் அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வாரை என் கையில் கொடுத்துவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அவள் போன பக்கமே காதை நீட்டியிருந்தது. பிறகு தலையைத் தொங்கவிட்டுப் பெருமூச்சு விட்டது. பதினாறாவது நிமிடத்தில் அறுபத்தாறு. எனக்கு அவசரம் இல்லை. பதினெட்டில் அறுபது. டாக்டரிடம் கொண்டுபோனேன், அவர் முழுசாக ஒரு நிமிடம் எண்ணிவிட்டு அறுபத்தொன்று என்றார். அடுத்து, நொண்டுகிறதா என்று பார்க்க ஓட்டிக் காட்டச் சொன்னார். நாற்பத்தைந்து வயதில், நனைந்த செருப்போடு, குதிரைக்குப் பக்கத்தில் ஓடினேன். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தொடரலாம் என்று டாக்டர் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நாற்பது நிமிட ஓய்வுக்குப் பிறகு இன்னும் முப்பது கிலோமீட்டர் இருக்கிறது. அட்டையை ஆட்டிக்கொண்டே மாப்பிள்ளையை வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணி நான் சொன்னபடியே கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வலது கை விரல்கள் இடது மணிக்கட்டின் மேல் இருந்தன. உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைத் தட்டினேன். கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை மட்டும் உயர்த்தி, இரு என்று காட்டிவிட்டு மறுபடியும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை மூக்கைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் வைத்தது. அதன் மூச்சில் கண்ணாடி வெளுத்து, தெளிந்து, மறுபடியும் நிதானமாக வெளுத்தது.