ஆறு குரல்

அந்த வீட்டில் சண்டையே கிடையாது. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "பக்தியான குடும்பங்க, ஒரு சத்தம் வெளியே வராது" என்பார்கள். வாஸ்தவம்தான். சண்டை போட வேண்டியதையெல்லாம் அவர்கள் பிரார்த்தனையில் போட்டுக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஏழு அடித்தால் முன்னறையில் பாய் விரிந்துவிடும். ஆறு பேரும் மண்டியிட்டுக் கண்ணை மூட வேண்டும். முதலில் ஒரு பாட்டு. பிறகு இருப்பதிலேயே சின்னவரில் ஆரம்பித்து ஒவ்வொருவராக வாய்விட்டு வேண்ட வேண்டும். ஒருவர் முடித்ததும் ஆறு பேரும் "அப்படியே ஆகட்டும்" என்று சொல்ல வேண்டும். ஆறு குரலும் விழுந்தால்தான் அந்த வேண்டுதல் முடிந்ததாகக் கணக்கு. அதுவரை கண்ணைத் திறக்கக் கூடாது, ஆண்டவனைத் தவிர யாரிடமும் பேசக் கூடாது. குரல்களை எண்ணுவது அப்பா. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி வரவில்லை என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லக் கூடிய மனுஷன், எந்த வாய் திறக்கவில்லை என்பதா தெரியாது?

கடைசி வேண்டுதல் எப்போதும் அவருடையது. அதில்தான் எல்லாருக்கும் அர்ச்சனை நடக்கும். "ஆண்டவனே, மாடிப்படிக்குக் கீழே ஒளிந்து நின்று புகை விடுகிறவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்பார். மகன் வாயைத் திறந்து "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். "குளியலறை விளக்கை அணைக்க மறக்கிறவர்களின் ஞாபக சக்தியைப் பெருக்கும்." அது மருமகளுக்கு. ஆண்டவனிடம் பேசிக்கொண்டிருக்கும் மனுஷனை நடுவில் மறித்து, "நான் அணைச்சேன் மாமா, உங்க பிள்ளைதான் மறந்தாரு" என்று எவள் சொல்வாள்?

சும்மா சொல்லக் கூடாது, அந்த அரை மணியில் சந்தோஷமும் உண்டு. மகன் சுருதியை எங்கேயோ தொலைத்துவிட்டுப் பாட, அவன் மனைவி கண்ணை மூடியபடியே அவன் தொடையைக் கிள்ளுவாள். அவர்களுடைய ஆறு வயதுப் பெண் சுட்டி, "சாமி, தொலைஞ்ச ரப்பர் கிடைச்சிடுச்சு, தேங்க்ஸ். ஆனா பாதிதான் கிடைச்சிருக்கு. மீதியையும் கொஞ்சம் பாரு" என்று வேண்டுவாள். மற்ற ஐந்து பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு "அப்படியே ஆகட்டும்" என்பார்கள். அந்த நேரத்தில் பெரியவளுக்கு இந்த வீட்டை விட்டு எங்கேயும் போக வேண்டாம் என்றுகூடத் தோன்றும். அதுதான் அவளைப் பிடித்த வினையே.

பெரியவள் என்பது மூத்த மகள். முப்பத்து நாலு வயது. கடைத்தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. மெஷினில் தண்ணீர் சொட்டச் சொட்ட, வட்டக் கண்ணாடியைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்து, சட்டத்தில் அழுத்தினால் டக்கென்று உட்காரும். ஒரு மயிரிழை கூடினாலும் உட்காராது, குறைந்தாலும் நிற்காது. பதினாறு வருஷத்தில் அவள் கையில் உடைந்தது நாலே நாலு. கடை முதலாளி வாய்விட்டுப் பாராட்டாத ஆசாமி. அப்படிப்பட்டவர் போன வாரம் அவளைக் கூப்பிட்டார்.

"ரயில்ல ஆறு மணி நேரம் போற ஊரு. அங்க ரெண்டாவது கடை திறக்கறேன். பட்டறை முழுக்க உன் பொறுப்பு. மேல ஒரு ரூம் இருக்கு, தங்கிக்கலாம். வியாழக்கிழமை காலைல பதில் சொல்லு. இல்லைன்னா வேற ஆளு ரெடியா இருக்கான்."

ரூம் என்ற ஒரு சொல்தான் அவள் காதில் விழுந்தது. வீட்டில் அவள் படுக்கை நடையில் இருந்தது. நடுவில் ஒரு திரை. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள், கக்கூசுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தத் திரையை உரசிக்கொண்டுதான் போவார்கள். முப்பத்து நாலு வருஷத்தில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவள் தூங்கியதே இல்லை. அழ வேண்டும் என்றால்கூட குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ வேண்டும். அதற்கும் சுட்டி வந்து கதவைத் தட்டி, "அத்தை, அவசரம்!" என்பாள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிடும்போதுதான் வீட்டில் சொன்னாள். அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. "பிரார்த்தனையில வச்சுப் பாப்போம்மா" என்றார்.

இந்த வாக்கியத்தை அவள் இதற்கு முன் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வெளியூர்ப் படிப்புக்கு ஆசைப்பட்டபோது ஒரு தடவை. "பக்கத்திலேயே வேலை ஏற்பாடு செய்யப் போகிறதற்காக ஸ்தோத்திரம்" என்று அப்பா வேண்ட, அவளும் அப்படியே ஆகட்டும் சொன்னாள், அப்படியே ஆனது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு வரன் வந்தது. நல்ல பையன், சிரித்த முகம், அவளுக்கும் பிடித்திருந்தது. "இவ்வளவு தூரத்துச் சம்பந்தம் உமக்குச் சித்தமில்லை என்று உணர்த்தியதற்காக நன்றி" என்றார் அப்பா. யாருக்கு உணர்த்தியது, எப்போது உணர்த்தியது என்று கேட்க முடியுமா? அன்றைக்கும் ஆறு குரல் விழுந்தது. ஆறில் ஒன்று அவளுடையது.

இந்தத் தடவை விடக் கூடாது என்று புதன்கிழமை முழுக்கப் பட்டறையில் யோசித்தாள். நேராகப் பேசினால் அப்பா சாயங்காலத்துக்குத் தள்ளுவார். சாயங்காலம் அவர் வேண்டிவிட்டால் கதை முடிந்தது. அப்போதுதான் சட்டென்று உறைத்தது. வரிசையில் அப்பா கடைசி, அம்மா அவருக்கு முன்னால், அவளோ அம்மாவுக்கு முன்னால். அவர் ஆயுதத்தை அவருக்கு முன்னால் அவளே எடுத்துவிட்டால்? நினைத்த வேகத்தில் சட்டத்தில் கொஞ்சம் கூடவே அழுத்திவிட, ஐந்தாவதாக ஒரு லென்ஸ் உடைந்தது.

அன்று சாயங்காலம் பாய் விரித்தாயிற்று. அம்மா சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி மண்டியிட்டாள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய் நாலு வருஷம் ஆகிறது. இறங்குவது அவளாகவே இறங்கிவிடுவாள், எழுந்திருக்கத்தான் முடியாது. காலையில் கட்டிலிலிருந்து, சாயங்காலம் பாயிலிருந்து, குளித்துவிட்டு முக்காலியிலிருந்து என்று எப்போதும் பெரியவள்தான் தூக்கிவிடுவாள். அக்குளுக்கடியில் ஒரு கை, முதுகுக்குப் பின்னால் ஒரு கை, "ஒண்ணு, ரெண்டு, மூணு." வேறு யாருக்கும் அந்தப் பிடி தெரியாது, யாரும் கற்றுக்கொள்ளவும் வரவில்லை.

பாட்டு முடிந்தது. சுட்டி ஆடுகிற தன் பல்லுக்காக வேண்டினாள். தம்பி மனைவி வழக்கம்போல எல்லாருடைய உடல் நலத்துக்காகவும், தம்பி தன் ஆபீஸ் மேனேஜருடைய மனமாற்றத்துக்காகவும். ஆறு குரல், ஆறு குரல், ஆறு குரல். அவள் முறை வந்தது.

"ஆண்டவனே" என்று ஆரம்பித்தாள். "புதுக் கடையில எனக்கு வேலை கொடுத்ததுக்கு நன்றி. நாளைக்குக் காலைல நான் சரின்னு சொல்லப் போறேன். அடுத்த வாரம் கிளம்பறேன். பயணம் நல்லபடியா அமையணும். அப்படியே ஆகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றாள் சுட்டி கணீரென்று. தம்பி எச்சில் விழுங்குவது கேட்டது. பிறகு அவனும் சொன்னான். அவன் மனைவி அவசரமாகச் சொன்னாள். அம்மாவின் முணுமுணுப்பும் விழுந்தது. ஐந்து.

ஆறாவது வரவில்லை.

சுவர்க் கடிகாரம் ஓடியது. அடுக்களையில் மூடிவைத்த சாதம் ஆறிக்கொண்டிருந்தது. யாருடைய வயிறோ கடமுடவென்று உருண்டது. பெரியவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அப்பாவின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, நீங்க சொல்லலை" என்றாள் சுட்டி. ஆண்டவனைத் தவிர வேறொருவரிடம் அந்தப் பாயில் பேசிய முதல் ஆள் அவள்தான். அவள் அம்மா வாயைப் பொத்தியிருக்க வேண்டும், "ம்ம்ம்" என்று சத்தம் வந்தது.

"அப்படியே ஆகட்டும்" என்றார் அப்பா.

அடி ஆத்தி! பெரியவளுக்குக் காது அடைத்துப் போனது. ஆறு விழுந்துவிட்டது! மூடிய கண்ணுக்குள் ரயில், மாடி ரூம், தாழ்ப்பாள் எல்லாம் வந்து நின்றன. அம்மா வழக்கமான ஒற்றை வரியை, "எல்லாரையும் காப்பாத்துப்பா" என்பதைச் சொன்னது எங்கேயோ தூரத்தில் கேட்டது. எல்லாரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள்.

பிறகு அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். கடைசி வேண்டுதல் யாருடையது என்பதைச் சந்தோஷத்தில் அவள் மறந்தே போயிருந்தாள்.

"ஆண்டவனே, என் மூத்த பிள்ளைக்காக உமக்கு நன்றி" என்று அப்பா மெதுவாக ஆரம்பித்தார். குரலில் நடிப்பில்லை. அதுதான் கொடுமை. "அவளுக்குக் கொடுத்த கைகளுக்காக நன்றி. அவள் தாய் காலையில் எழுந்திருப்பது அந்தக் கைகளால்தான். எனக்கு வயசாகிவிட்டது, பயமாக இருக்கிறது. அந்தக் கைகளை இந்த வீட்டிலிருந்து எடுத்துவிடாதேயும். அவள் போக நினைத்தாலும் அவள் மனசைத் திருப்பி, தாயின் பக்கத்திலேயே வைத்துக் காத்தருளும்."

"அப்படியே ஆகட்டும்."

அதை முதலில் சொன்னது அவள்தான்.

சுட்டிக்கு முன்னால், அப்பாவுக்கே முன்னால், அவள் வாய் தானாகத் திறந்து, தானாகச் சொல்லி, தானாக மூடிக்கொண்டது. பேசக் கற்ற நாளிலிருந்து ஓடுகிற பழக்கம், அதற்கு அவளுடைய சம்மதம் எதற்கு? சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது மூளைக்கு எட்டியது. சுட்டி சொன்னாள், தம்பி சொன்னான், அவன் மனைவி சொன்னாள், அப்பா சொன்னார். பாவி, என் வாயாலேயே என்னைக் கட்டிப் போட்டுவிட்டேனே என்று பெரியவள் உதட்டைக் கடித்தாள். நாளைக் காலை முதலாளி முன்னால் போய் நிற்கும் தன்னை நினைத்ததும் கண்ணுக்குள் தண்ணீர் முட்டியது. கண்ணை மூடியிருந்ததால் அது வெளியே வர வழி தேடியது.

யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. ஐந்துதான் விழுந்திருந்தது.

அப்பா காத்திருந்தார். அவர் ஒரு தடவை செருமினார். இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக. கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பிந்தாத குரல் அது, எப்படியும் வந்துவிடும் என்று நினைத்திருப்பார். வரவில்லை. கடைசியில் அந்த வீட்டில் நடக்கவே நடக்காத ஒன்று நடந்தது. வேண்டுதல் முடியும் முன்பு அப்பா கண்ணைத் திறந்தார்.

அம்மா கண்ணைத் திறந்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கேக்கலையா?" என்றார்.

"கேட்டுச்சு. நான் சொல்ல மாட்டேன்."

எல்லார் கண்ணும் திறந்துகொண்டன. தம்பி வாயைப் பிளந்தான். கோபப்படுவதற்கு அப்பாவுக்குப் பழக்கம் இல்லை. "அவ போயிட்டா உன்னை யாரு தூக்கி விடறது?" என்றார் பரிதாபமாக.

"நீங்க தூக்குங்க."

"நானா?"

"வேற யாரு, பக்கத்து வீட்டுக்காரரையா கூப்பிடச் சொல்றீங்க? வாங்க இப்படி. எனக்குக் காலு மரத்துப் போச்சு."

பெரியவள் பழக்க தோஷத்தில் எழுந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பக்கத்தில் போனாள். "நீ வராதடி!" என்று அம்மா ஓர் அதட்டல் போட்டாள். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பா முழங்காலில் தவழாத குறையாகச் சுற்றி வந்து எழுந்தார். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ, பஸ்ஸையா தள்றீங்க! அந்தக் கை இல்ல, இந்தக் கை. அக்குள்ள குடுங்க. இன்னொண்ணு முதுகுல. எண்ணிட்டுத் தூக்கணும்."

"எண்ணவா?"

"டிப்போல எண்ணலை? எண்ணுங்க."

"ஒண்ணு" என்றார் அப்பா. குரல் உடைந்தது. "ரெண்டு." மூன்று சொல்லும்போது இரண்டு பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். பெரியவளின் விரல்கள் தாமாகவே துடித்தன. அவர்கள் சுவரில் தோளை இடித்து, மூச்சு வாங்கி, எப்படியோ நிமிர்ந்தார்கள். மூன்றே நொடியில் அவள் செய்கிற காரியத்துக்கு அவர்களுக்கு மூன்று நிமிஷம் பிடித்தது. அம்மாவின் முகம் வலியில் வெளுத்திருந்தது. ஆனாலும் நின்றுகொண்டிருந்தாள். அப்பா கையை எடுக்கவில்லை, எடுத்தால் விழுந்துவிடுவாளோ என்று அவளைச் சேர்த்துப் பிடித்தபடி நின்றார். பிள்ளைகள் முன்னால் அவர் அம்மாவைத் தொட்டே யாரும் பார்த்ததில்லை.

"சோறு ஆறுது" என்றாள் அம்மா. பிறகு மகளைப் பார்த்து, "நாளைக்கு எத்தனை மணிக்குடி முதலாளி கடை திறப்பாரு?" என்று கேட்டாள்.

சந்தோஷம் வரும் என்றுதான் பெரியவள் நினைத்தாள். சந்தோஷமும் வந்தது, கூடவே என்னவோ ஒன்று நெஞ்சைப் பிடித்து அறுத்தது. தன்னைத் தவிர வேறு யாராலும் தூக்க முடியாத அம்மா அங்கே வேறொரு கையில் நின்றுகொண்டிருந்தாள். நீட்டிய தன் இரண்டு கைகளையும் என்ன செய்வது என்று தெரியாமல், குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"ஒன்பதுக்கும்மா" என்றாள்.