ஒரு சென்டிமீட்டர் பத்தான கதை

1

பக்கத்து வீட்டு மாரியம்மாவிடம் கறிவேப்பிலை கேட்கப் போன இடத்தில் கிடைத்தது இந்தக் கதை. என் வீட்டிலும் கறிவேப்பிலை மரம் இருக்கிறது. அதைப் பெரிதுபடுத்தாதீர்கள். ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பில் இந்த வருஷம் இதைவிடச் சுவையாக எதுவும் நடக்கவில்லை. எழுதக் கை பரபரக்கிறது. தொடக்கம்தான் அமையமாட்டேன் என்கிறது.

“மாரியம்மாவின் மகள் ரோஷினி பேரழகி, அவள் கண்கள்...” வேண்டாம், அவள் படித்தால் சண்டைக்கு வருவாள்.

“ரோஷினி 1.65 மீட்டர். அவள் காதலிக்கும் சுங்காய் ஊர்ப் பையன் தர்மா 1.64.” இதுதான் சரி.

2

காதலித்தாலும் ஊருக்காக ஒரு தரகர் வேண்டுமே. சதாசிவம் அண்ணனைப் பிடித்தார்கள். (இவரை நான் கற்பனையில் செய்திருந்தால் நீங்களே நம்பமாட்டீர்கள்.) ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்து ரப்பர்ப் பால் நிறுத்து எழுதியவர். தசமப் புள்ளிக்குப் பின் ஒரே ஓர் இலக்கம்தான் எழுதுவார். அடுத்த இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் ஏற்றுவார், குறைந்தால் விட்டுவிடுவார். ரப்பர் போய்த் தோட்டம் செம்பனையாகியும் அந்தக் கை மாறவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்சாப்பில் போனது: பெண் 1.7, மாப்பிள்ளை 1.6.

(கிட்டிய மதிப்புக் கணக்கில் பிழையே இல்லை. அதுதான் கொடுமை.)

3

பெண் மாப்பிள்ளையைவிட உயரமாக இருந்தால் வேண்டவே வேண்டாம் என்று தர்மாவின் அம்மா நல்லம்மாள் சொல்லிவிட்டார். நான் கறிவேப்பிலைக்குப் போன அன்று, மகன் அடம்பிடித்து அவரை மாரியம்மா வீட்டுக்கு அழைத்துவந்திருந்தான்.

“பத்து சென்டி லா. கல்யாண போட்டோவுல என் மகன் முக்காலி மேல நிக்கணுமா?”

“தங்கச்சி, கணக்கு சரிதான்,” என்றார் சதாசிவம்.

“என் மகள பால் வாளின்னு நெனச்சீங்களா அண்ணே?” என்றாள் மாரியம்மா.

ரோஷினி உண்மை அளவைச் சொன்னாள். பிறகு, “அங்கிள் தசமமே இல்லாம எழுதியிருக்கலாம் ஆன்ட்டி. முழு எண்ணுல நாங்க ரெண்டு பேருமே ரெண்டு மீட்டர். சமம்,” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“ஒரு சென்டினாலும் பொண்ணுதானே உசரம்,” என்றார் நல்லம்மாள்.

தர்மா எழுந்தான். அன்றைக்கென்று ஜெல் போட்டு மேலே தூக்கிவிட்டிருந்த முடியை இரண்டு கையாலும் அழுத்திப் படியவைத்தான். ரோஷினியின் பக்கத்தில் போய் நின்றான்.

“நல்லா பாருங்கம்மா. நான்தான் குட்டை. எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கு?”

4

நல்லம்மாளும் எழுந்தார். தன் மகனின் தோள் உயரம்கூட இல்லாதவர். இருவரையும் அண்ணாந்துதான் பார்த்தார்.

“நல்லம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலை...” அடித்துவிட்டேன்.

“நல்லம்மாள் ரோஷினியின் கையை...” இதை அடிக்க மனம் வரவில்லை. முடிக்கவும் முடியவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து மாரியம்மா, “அக்கா, கொஞ்சம் தேத்தண்ணி கலக்குங்களேன்,” என்று என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டாள்.

ஆறு குவளை எடுத்து வைத்திருக்கிறேன். நல்லம்மாள் குடித்துவிட்டுப் போவாரா என்பதை நீங்கள் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.