பெயர் மாற்றும் அழைப்பு

அன்று ப்ளோவ்திவ் நகர வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் வெலிசார் முத்தாஃபோவ், அவர் மனைவி ஸ்தோயான்கா, மகள் ராலித்சா, மருமகன் பிளாமென். வேறு யாருமில்லை.

வெலிசார் எழுதிய கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவை, நம்பித்தான் குடும்ப நிறுவனம் நிற்கிறது. ரயில் சிக்னல் பெட்டிகளுக்குள் ஓடுவது அது. மறுநாள் தரச் சோதனை. கோப்பு வேலைகளைச் செய்யச் சொல்லி மற்ற நிரல்கள் கெர்னலை அழைக்கும் அழைப்புகள் எல்லாம் வீட்டு ஒத்திகையில் தேறிவிட்டன. பெயர் மாற்றும் அழைப்பு மட்டும் தேறவில்லை. அதைத் திருத்தாவிட்டால் சான்றிதழ் கிடையாது. திருத்தினாலோ, முத்தாஃபோவ் பிழையாக எழுதினார் என்று நாலு பேர் சொல்வார்கள்.

ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். முதல் பெயரை இரண்டாவது பெயராக மாற்று என்று கேட்டால், வெலிசாரின் கெர்னல் முதல் பெயரை நீக்கிவிடும். தரநிலையோ, எதையும் தொடாதே, முடிந்தது என்று மட்டும் சொல் என்கிறது.

"செய்யாத வேலைய செஞ்சேன்னு சொல்றதா? நம்ம குடும்பத்துல எவனும் அப்படிப் பொய் சொன்னதில்ல," என்றார் வெலிசார்.

"குழாய சரிபண்ணிட்டேன்னு சொன்னீங்களே, இன்னும் சொட்டுது," என்றாள் ஸ்தோயான்கா, பானித்சா என்ற பாலாடைக்கட்டி அடையைத் துண்டு போட்டபடி.

பிளாமென் வாயைப் பொத்திக்கொண்டான்.

"மாப்ள, சிரிக்கிறதா இருந்தா வெளிய போய் சிரிங்க."

"ஐயோ மாமா, பானித்சா சுடுது!"

ராலித்சா கணினியை அப்பா பக்கம் நகர்த்தினாள். "அப்பா, என் கல்யாணத்தன்னிக்குப் பதிவாளரம்மா இவர் குடும்பப் பேர மட்டும் எனக்கு எழுதப் போனப்ப என்ன பண்ணீங்க?"

"மேசையத் தட்டினேன். நம்ம பேர் போகக் கூடாது, ரெண்டும் இருக்கட்டும்னேன். அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. ஆள் ஒண்ணு, பேர் ரெண்டு. என்னைப் பழைய பேர்ல தேடி வர்றவங்களுக்கும் நான் கிடைக்கிறேன். அந்தக் கோப்பு மட்டும் என்னப்பா பாவம் பண்ணுச்சு?"

வெலிசார் அவள் சொன்னதில் ஓட்டை தேடினார். அகப்படவில்லை. தன் பெண் தன்னை மடக்கியதில் அவருக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது; அதை வெளியே காட்டிவிடுவாரா என்ன? முதுகை நிமிர்த்தி, "தள்ளு," என்றார். நீக்கும் வரிகளை அழித்தார். இரு பெயரும் ஒரே கோப்புக்கா என்று முதலில் பார்த்து, ஆம் என்றால் எதையும் தொடாமல் விடும் வரியை எழுதினார். ஒத்திகை தேறியது.

"வச்சுக்கட்டும், ரெண்டையும்," என்று முணுமுணுத்து, மகளின் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார்.

அப்பா எழுதியதை மகள் அழித்துவிட்டாள் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அழித்தவர் வெலிசார் முத்தாஃபோவ். ராலித்சா விசைப்பலகையைத் தொடவே இல்லை.